வார்த்தைக்கு ஒரு ரூபாய்

யாராவது ‘சிஸ்டர்’ என்று கூப்பிட்டாலே சுபஸ்ரீக்குக் குமட்டிக்கொண்டு வரும். சேலைக் கடைக்காரன், பல் ஆஸ்பத்திரி மேனேஜர், பிளாட் போட்டு விற்கிறவன், ராசிபலன் சேனல் நடத்துகிறவன், எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான். சிஸ்டர் என்று ஆரம்பித்தால் அடுத்த வாக்கியத்தில் காசைக் குறைக்கப் போகிறான் என்று அர்த்தம். சாம்பிளுக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள் சிஸ்டர் என்பான். எழுதிக் கொடுத்தால் அத்தோடு ஆள் அவுட். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அந்தச் சாம்பிளே அவன் கடை வாசலில் பேனராகத் தொங்கும். போன் போட்டுக் கேட்டால், அது வேறு ஆள் எழுதியது சிஸ்டர் என்று கூசாமல் சொல்வான். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவளுக்குத் தோன்றாத நாளில்லை.

சுபஸ்ரீ காசுக்கு எழுதுகிறவள். கதை, கவிதை எல்லாம் கிடையாது. விளம்பர வாசகம், யூடியூபில் யாரோ பேசுவதற்கு இவள் எழுதும் பேச்சு, மணிவிழா மலருக்கு வாழ்த்து, முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆறுதல் சொல்லி மாத்திரை விற்கிற கட்டுரை, இப்படி. வேலை கொடுக்கிறவர்கள் சென்னையில். அவள் இருப்பது பழவேற்காட்டில் தோணிரேவைத் தாண்டி ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில். வீட்டுக்குள் சிக்னல் வராது. ஊர் நடுவில் இருக்கும், புயலுக்கு ஒதுங்கும் கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்தால்தான் வரும். அந்தப் படியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தான் காலெடுத்து வைத்திராத அடுக்குமாடி வீடுகளின் பால்கனிக் காற்றைப் பற்றி வர்ணித்துக்கொண்டிருப்பாள். மாடியில் கருவாடு காயப்போடப் போகிற பெண்கள், இன்னும் முடியலியா டீச்சரு என்று கேட்டுக்கொண்டே அவளைத் தாண்டிப் போவார்கள். பொன்னேரியில் பி.ஏ. தமிழ் படித்த நாளிலிருந்து ஊருக்கு அவள் டீச்சர்தான். ஒரு நாளும் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். நைனா சிங்காரம் ஏரியில் இறால் பிடிக்கிறவர். எழுத்துத் தொழிலில் சுபஸ்ரீ ஆரம்பத்திலேயே சறுக்கினாள் என்றால் அதற்குக் காரணம் அந்த இறால்தான். அவர்கள் வீட்டில் எவரும் தன் சரக்குக்குத் தானே விலை சொன்னதில்லை. கரைக்கு வந்ததும் வியாபாரி ஐஸ் பெட்டியைத் திறப்பான், இறாலைக் கையில் அள்ளிப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்குவான், ஒரு தொகை சொல்வான். வெயில் ஏற ஏறச் சரக்கு கெட்டுப்போகும் என்பதால் சிங்காரம் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து வியாபாரியைத் திட்டுவார். அதைப் பார்த்து வளர்ந்த பெண்ணிடம் போய் உங்க ரேட் என்ன என்று ஒருவன் கேட்டால் அவளுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? நீங்களே பாத்து குடுங்க சார் என்றாள். பார்த்துத்தான் கொடுத்தார்கள் புண்ணியவான்கள். வார்த்தைக்கு முப்பது பைசா. எழுத்து என்ன இறாலா, மத்தியானத்துக்குள் நாறிப்போவதற்கு? நாளைக்கு விற்றாலும் அதே சரக்குதான். இது அவளுக்கு உறைக்க இரண்டு வருடம் ஆயிற்று.

வேலை கொடுத்தவர்களிலேயே பெரிய ஆள் ரஞ்சித்குமார். சென்னையில் ஒரு ஏசி அறை, இரண்டு நாற்காலி, வாசலில் கம்பெனி போர்டு. கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் எழுத்து வேலையை மொத்தமாகப் பிடித்து, சுபஸ்ரீ மாதிரி ஆட்களிடம் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பான். தினமும் காலையில் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் அனுப்புவான். பேச்சில் அப்படி ஒரு தேன். கூடக் கேட்டால் மட்டும் தேன் வற்றிவிடும். பொன்னேரிப் பக்கம் ஒரு பொண்ணு இதைவிடக் கம்மிக்குப் பண்ணுது சிஸ்டர், உங்க எழுத்து மேல இருக்கிற மரியாதையாலதான் உங்களாண்ட வர்றேன் என்பான். சுபஸ்ரீயும் அந்த முகம் தெரியாத பொன்னேரிப் பெண்ணை மனதுக்குள் வைது தீர்த்துவிட்டு எழுதிக் கொடுப்பாள்.

ஒருநாள் அவனுக்கு அவசரம். வேறு யாரோ எழுதிய ஆஸ்பத்திரி விளம்பரத்தை அப்படியே அனுப்பி, லேசாகத் தட்டிக் கொட்டிக் கொடுங்கள் சிஸ்டர் என்றான். எழுதியவளின் பெயரையும் போன் நம்பரையும் அடியிலிருந்து எடுக்க மறந்துவிட்டான். அனிதா, அனுப்பம்பட்டு. பொன்னேரிக்குப் பக்கத்து ஊர். சுபஸ்ரீ சண்டை போடுகிற எண்ணத்தில்தான் போன் செய்தாள். எடுத்தவள் அவளுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள். பழவேற்காட்டில் ஒரு அக்கா கால் ரூபாய்க்கே எழுதுகிறாள் என்று சொல்லித்தான் அந்தப் பெண்ணின் காசையும் இவன் குறைத்துக்கொண்டிருந்தானாம். இருவருமே ஒரே நேரத்தில் ஒரே கெட்ட வார்த்தையைச் சொன்னார்கள்.

அந்த வாரமே பொன்னேரியில் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள். அனிதா சின்னப் பெண். அப்பா ரைஸ் மில்லில் கூலி, அம்மா தையல். இந்த எழுத்து வருமானத்தில்தான் வாடகை போகிறது. பயந்த சுபாவம். டீயை ஆறவிட்டுக் குடித்தாள். சுபஸ்ரீ வரும்போதே ஒரு முடிவோடு வந்திருந்தாள். ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு, அதை அனிதாவுக்கு எடுத்துச் சொன்னாள். இறால் நன்றாகப் படுகிற இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் போய் விழுந்தால் வெட்டுக்குத்துதான் மிஞ்சும். அதனால் வீட்டுக்கு ஒருவராக உட்கார்ந்து சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். ஒருத்தன் பாட்டில் இன்னொருத்தன் வலை விடமாட்டான். விட்டால் ஊர்க் கூட்டத்தில் நின்று தண்டம் கட்டவேண்டும்.

நாமும் அப்படி வைத்துக்கொள்வோம் என்றாள். ஒரு வாரம் அவன் கொடுக்கிற வேலையெல்லாம் எனக்கு, மறுவாரம் உனக்கு. ரேட் இருவருக்கும் ஒன்று, வார்த்தைக்கு ஒரு ரூபாய். ஒருத்தி வாரத்தில் இன்னொருத்தியிடம் வந்தால், இது அவள் பாடு என்று சொல்லி அனுப்பிவிட வேண்டும். ஒரு ரூபாய் என்றதுமே அனிதா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். இதை மீறினால் யார் தண்டம் போடுவார்கள் என்று கேட்டாள். மீறினால்தானே என்றாள் சுபஸ்ரீ.

ஏரிப் பாட்டில் பெண்களுக்குப் பெயர் கிடையாது. சீட்டு எடுப்பது ஆண்கள்தான். ஆண்பிள்ளை இல்லாத வீடு, சிங்காரத்தோடு அந்த உரிமை முடிந்துவிடும். பேக்கரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்கும் ஒரு பாடு வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

நம்பினால் நம்புங்கள், அது நடந்தது. ரஞ்சித்குமார் முதலில் முறுக்கிக்கொண்டான். ரோஜாப்பூ நின்றது. உங்களைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்றான். அந்த ஆயிரம் பேரில் இரண்டு பேரிடம் கொடுத்துப் பார்த்து, ஆஸ்பத்திரிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, தீபாவளி விளம்பரம் தலைக்கு மேல் வந்தபோது வழிக்கு வந்தான். அனிதா வாரத்தில் அவன் சுபஸ்ரீக்குப் போன் செய்தால், இது என் பாடு இல்லை என்பாள் அவள். அங்கேயும் அதே பதில். ஒரு ரூபாய் வந்துசேர்ந்தது. சுபஸ்ரீ இன்வெர்ட்டர் ஒன்று வாங்கிப் போட்டாள். அனிதா அடிக்கடி போன் செய்து, அக்கா, நம்ம ரேட்டுக்கா என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த மூன்று நாலு மாதமும் சுபஸ்ரீ தலை நிமிர்ந்துதான் நடந்தாள்.

அதை அவளே கெடுத்துக்கொண்டாள். வேறு யாரையும் சொல்வதற்கில்லை.

பொங்கல் கழித்து ஒரு மத்தியானம் ரஞ்சித்குமார் போன் செய்தான். வேலை விஷயம் பேசவில்லை. நீங்கள் இருவரும் பாடு, பாடு என்கிறீர்களே, அது என்ன சிஸ்டர் என்று பணிவாகக் கேட்டான். அந்தப் பணிவில் இவள் விழுந்தாள். படித்தவன், பட்டணத்துக்காரன், நம் ஊர் வழக்கத்தைப் பற்றி வாய் பிளந்து கேட்கிறான் என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது. படியில் உட்கார்ந்து அரை மணி நேரம் சொன்னாள். சீட்டு குலுக்குவது, இடம் பிரிப்பது, தண்டம், எல்லாம். என்ன அழகு சிஸ்டர், எவ்வளவு பெரிய விஷயம் சிஸ்டர் என்று அவன் உருகினான். நைனாவிடம் சொன்னபோது அவரும் கரையில் போய், மெட்ராஸ்ல கம்பெனி வெச்சிருக்கிற ஆளு நம்ம பாட்டப் பத்தி கேக்கறான் என்று பெருமையடித்துவிட்டு வந்தார். சீட்டுப் போடுகிற இடத்துக்கு எந்த ஊரிலாவது வியாபாரியைக் கூட்டி வந்து உட்கார வைப்பார்களா? பிறந்ததிலிருந்து ஏரிக்கரையில் கிடக்கிற இந்த இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை.

மறுவாரம் அவள் போனில் ஒரு புதுக் குழு முளைத்தது. குழுவின் பெயர் ‘பாடு’. மேலே ஒரு வலைப் படம், அதுவும் கேரளத்து வலை. உள்ளே சுபஸ்ரீ, அனிதா, அப்புறம் சேலம், தென்காசி, காரைக்கால் என்று எங்கெங்கிருந்தோ எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். ரஞ்சித்குமாரின் குரல் பதிவு ஒன்று. மீனவ சொந்தங்களிடமிருந்து தான் கற்ற அற்புதமான முறை இது, இனி போட்டி வேண்டாம், பொறாமை வேண்டாம், நாம் ஒரு குடும்பம். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோர் பெயரையும் போட்டுச் செயலியில் சக்கரத்தைச் சுற்றுவான். யார் பெயரில் நிற்கிறதோ அந்த வாரப் பாடு அவர்களுக்கு. ரேட் எல்லோருக்கும் சமம், வார்த்தைக்கு முப்பத்தைந்து பைசா.

கேட்டு முடித்ததும் சுபஸ்ரீ அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். தன் வாயால் சொன்ன வார்த்தைகள் அத்தனையும் அவன் வாய்க்குள் போய்த் திரும்பி வந்திருந்தன. கீழே ஒவ்வொருவராகக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்கள். நன்றி சார், அருமை சார், நல்ல மனசு சார். அந்தக் கும்பிடுகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு கூசியது. காறித் துப்பிவிட்டு வெளியேற விரல் போனது. அதற்குள் அனிதாவின் போன்.

நாம் மட்டும் வெளியே போய் நின்றால் இந்த மாத வாடகைக்கு என்ன வழி என்று அவள் அழாத குறையாகக் கேட்டாள். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெளியேற வேண்டாம். ஆனால் நம் இருவரில் யார் பெயரில் நின்றாலும் ஒரு ரூபாய்தான் கேட்க வேண்டும், ஒரு பைசா இறங்கக் கூடாது. இரண்டு பேர் ஒட்டி நின்றால் மற்றவர்களுக்கும் துணிச்சல் வரும். இது உடைந்தால் அப்புறம் எந்தக் காலத்திலும் நம் எழுத்துக்கு நாம் விலை சொல்ல முடியாது என்றாள் சுபஸ்ரீ. சரிக்கா, நம்ம ரேட்டுதான் என்றாள் அனிதா.

வெள்ளிக்கிழமை சக்கரம் சுற்றி சுபஸ்ரீ பெயரில் நின்றது. குழு முழுக்க வாழ்த்து. அப்புறம் ரஞ்சித்குமார் வேலையைச் சொன்னான். தொழிலதிபர்கள் சங்கம் ஒன்றில் அவன் பேசப் போகிறானாம். அதற்கு உரையும், பேஸ்புக்கில் போட நீளமாக ஒரு பதிவும் வேண்டும். தலைப்பு, மீனவர்களிடம் நான் கற்ற பாடம். விடியற்காலையில் அவர்களோடு படகில் போனதாக வரவேண்டும். அவர்கள் வலையில் இவன் கை வைத்ததாக வரவேண்டும். வயதான மீனவர் ஒருவர் இவன் தோளில் கை போட்டு ஏதாவது சொல்வதாக, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி இருக்கட்டும். ஃபீல் முக்கியம் சிஸ்டர் என்றான்.

இந்த ஏரியில் அவன் கால் நனைத்ததில்லை. பழவேற்காட்டுக்கு எந்த பஸ் போகும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அவளிடமே பிடுங்கியதை அவளையே விட்டுத் தன் பெயரில் எழுதச் சொல்கிறான், அதுவும் முப்பத்தைந்து பைசாவுக்கு. இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா என்று சுபஸ்ரீ படியிலேயே திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பிறகு குழுவில் எழுதினாள், என் ரேட் வார்த்தைக்கு ஒரு ரூபாய் என்று. குடும்பத்துக்குள்ள என்ன சிஸ்டர் ரேட்டு என்று உடனே பதில் வந்தது. சரி, உங்களுக்கு வேண்டாம் என்றால் அடுத்தவருக்குக் கொடுக்கிறேன் என்றான்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவு வந்தது. அன்றைக்கு அரை மணி நேரம் சொன்னதில் இதை மட்டும் அவனுக்குச் சொல்லவில்லை. வேகவேகமாக எழுதினாள்.

“எங்க ஊர்ல சீட்டு விழுந்தவன் வலை விடலன்னா, அன்னிக்கு அந்த எடம் சும்மா கெடக்கும். வேற எவனும் அதுல எறங்கமாட்டான். இது என் பாடு. நான் எழுதல. வேற யாரும் எழுதக் கூடாது.”

எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. சேலத்துக்காரர் ஏதோ எழுத ஆரம்பித்து நிறுத்தினார். தென்காசிப் பெண்ணும் ஆரம்பித்து நிறுத்தினாள். உறைத்துவிட்டது, இவர்களுக்கும் சுரணை இருக்கிறது என்று சுபஸ்ரீ நினைத்தாள். எங்கேயோ இருக்கிற ஏழெட்டுப் பேரும் அவள் ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு வலையைச் சுருட்டி வைத்துவிட்டதாகவே அவளுக்குப் பட்டது. ரஞ்சித்குமார் ஒரு சிரிப்பு பொம்மையை அனுப்பினான். யார் பண்றீங்க என்று கேட்டான்.

நான் பண்றேன் சார் என்று பதில் வந்தது. அனுப்பியது அனிதா.

சுபஸ்ரீ அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ரஞ்சித்குமாரை நினைத்தபோதுகூட இவ்வளவு கசக்கவில்லை. அவன் வியாபாரி, அவன் புத்தி அது. இவள் நம்ம ரேட்டுக்கா, நம்ம ரேட்டுக்கா என்று சிரித்தவள். வாடகை இருக்கிறது, தெரியும். எல்லோருக்கும்தான் இருக்கிறது. சேலத்துக்காரன் இறங்கியிருந்தால் போகிறான் என்று விட்டிருக்கலாம். முதலில் இறங்கியது இவள். லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். மறுபடி கழுவினாள்.

மறுநாள் காலையில் அவள் படியில் உட்கார்ந்திருந்தபோது அனிதா போன் செய்தாள். எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள், எடுத்தாள்.

“அக்கா, கோச்சிக்காதீங்கக்கா. வூட்டுக்காரம்மா வந்து கத்திட்டுப் போனாங்க. எனக்கு வேற வழி தெரியல.”

“இன்னா வேணும், சொல்லு.”

“எழுத ஒக்காந்தேன்க்கா, ஒண்ணுமே வரல. நான் ஏரியவே கிட்டத்துல பாத்ததில்ல. படகுல எப்டி போவாங்க, வலைக்கு இன்னா பேரு, சீட்டு எப்டி குலுக்குவாங்க, கொஞ்சம் சொல்றீங்களா? சாரு ஃபீல் வேணுங்கறாரு.”

சுபஸ்ரீக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கருவாட்டுக் கூடையோடு ஏறி வந்த பெண் ஒருத்திக்குக் காலை மடக்கி வழி விட்டாள்.

“சொல்றேன். துட்டு ஆவும்.”

“இன்னாக்கா?”

“வார்த்தைக்கு ஒரு ரூபா. என் வாயிலேந்து வர்ற ஒவ்வொரு வார்த்தைக்கும்.”

அனிதா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். இந்தப் பக்கம் சிரிப்பு வராததால் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

“அக்கா, எனக்கு வர்றதே முப்பத்தஞ்சு பைசா. நாம ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொன்னீங்களேக்கா.”

“ஒரே ரேட்டுன்னு சொன்னேன். அந்த ரேட்டுதான் கேக்கறேன்.”

போனில் ஒரு தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது. இவள் வைத்துவிடுவாள், வைத்துவிட்டால் நல்லது என்று சுபஸ்ரீ காத்திருந்தாள். தான் கேட்டது என்ன என்பது அவளுக்கே அப்போதுதான் புரிந்தது. வேண்டாம் போ, சும்மா சொல்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை.

“சரிக்கா” என்றாள் அனிதா. “குடுக்கறேன். சொல்லுங்க.”

இத்தனை வருடத்தில் சுபஸ்ரீ கேட்ட விலையை ஒரு வார்த்தை பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டது அவள் ஒருத்திதான். சுபஸ்ரீ தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். படகை, அதைத் தள்ளுகிற கோலை, சுத்துவலையை, சீட்டு குலுக்குகிற இடத்தை, எடுக்கிறவர்களின் வரிசையை, ஒன்று விடாமல் சொன்னாள். கிளையண்ட்டுக்கு இழுத்து எழுதுகிற மாதிரியே, தேவையில்லாததையும் சேர்த்து, நிறுத்தி நிறுத்தி, வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.